கொட்டாத பூச்சி

அக்காவின் மூக்கை அத்தான் உடைத்ததற்குக் காரணம் ஒரு கிண்டல். அதுவும் நேரடியாக அவரைப் பற்றியது இல்லை, ஆண் தேனீக்களைப் பற்றியது.

அந்தப் பூச்சித் தோட்டத்தில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களும் புல்தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்று வாய்ச்சண்டை போடுவார்கள். அக்கா தேனீயின் கட்சி, தம்பி பட்டாம்பூச்சியின் கட்சி. யார் ஜெயித்தார் என்று பிள்ளைகள் கைதட்டிச் சொல்ல வேண்டும். மேலாளருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்ததோ, பாதிக் கூட்டம் இதற்காகவே வந்தது. சிறு வயதிலிருந்து இருவரும் சும்மாவே அடித்துக்கொண்டவர்கள், இப்போது அதற்குச் சம்பளம் கிடைத்தது.

தம்பிக்கு அத்தான் வைத்த பெயர் ‘பூச்சி’. தொட்டால் சிறகு உதிரும், ஆனால் கொட்டத் தெரியாது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் வசவாக வைத்தது, பிறகு தோட்டத்தில் சீட்டுக் கிழிக்கிறவர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

பூச்சியின் ராஜ்ஜியம் வலைக்கூடம். கூரையெல்லாம் வலை, நுழைய இரண்டு கதவுகள். ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே அவன் வளர்ப்பது நவாப் என்ற பட்டாம்பூச்சி. கறுத்த சிறகு, நடுவில் வெளிர்பச்சைப் பட்டை, பின்னால் இரண்டு வால். பார்க்கப் பரம சாது. ஆனால் அது சாது இல்லை என்பதை விளக்குவதுதான் தினமும் பூச்சியின் வேலை.

“எங்க நவாப், பூவை ஏறெடுத்தும் பாக்கமாட்டார்,” என்று தொடங்குவான். “பூவுல போய்த் தேன் குடிக்கிறதெல்லாம் அவருக்குக் கேவலம். அழுகின வாழைப்பழம், மரத்துல வடியிற சாறு, சாணி, இதுதான் அவருக்கு விருந்து. வயிறு முட்டக் குடிச்சிட்டு உச்சிக் கொம்புல போய் உக்காருவார். அந்தப் பக்கம் எவன் வந்தாலும் துரத்துவார். குருவி வந்தாலும் விடமாட்டார். பாருங்க, சண்டை போட்டுச் சண்டை போட்டு இவர் வால் ரெண்டும் போயிருச்சு.”

“குடிச்சிட்டு அடிச்சிக்கிறதைப் பெருமையா வேற சொல்றான் பாருங்க,” என்பாள் அக்கா. “உங்க நவாப்புக்கு அம்மா யாருன்னு தெரியுமா? கூடப்பொறந்தவ யாருன்னு தெரியுமா? எங்க இத்தாலியத் தேனீ வீட்டுக்கு வந்து பாரு. ஒருத்திக்கு ஆபத்துன்னா மொத்த வீடும் வெளிய வந்துரும்.”

“வந்து என்ன பண்ணுவீங்க? ஒரு தடவை கொட்டினாச் செத்துருவீங்களே!”

“சாவோம். கொடுக்குல முள்ளு இருக்கு, சதையில மாட்டிக்கும். பிய்ச்சிக்கிட்டுப் பறந்தா கொடலும் கூடவே வந்துரும். தெரிஞ்சேதான் கொட்டுறோம்.”

பிள்ளைகள் இந்த இடத்தில் ஆவென்று பார்க்கும். அன்றைக்கும் பார்த்தன. பிறகு பூச்சி வழக்கம்போல, உங்கள் வீட்டு ஆண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

“ஆம்பளைங்களா? கொட்டத் தெரியாது. கூடு கட்டத் தெரியாது. சாப்பாட்டைக்கூட நாங்கதான் ஊட்டிவிடணும். ஒரு வேலைக்கும் ஆகமாட்டாங்க. பூ இல்லாத காலம் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, ரெக்கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வாசல்ல போட்டுருவோம். திரும்பி வந்தாக் கடிதான்.”

தினமும் சொல்கிற வசனம்தான். ஆனால் அன்றைக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், பின்னால் தேன் கடையில் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ அவரை எப்போ இழுத்துப் போடப்போறீங்க?” என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தானும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்காவின் கை தானாகத் தாவணியைப் போலக் கழுத்தில் கிடந்த தேனீ உடுப்பின் முகவலையை இறுக்கிப் பிடித்ததை அவள் தம்பி மட்டும் பார்த்தான்.

மறுநாள் வேடிக்கைக்கு அக்கா மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கத்தரிக்காய் நிறம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, “ஆன்ட்டி, மூக்குல என்ன?” என்று கேட்டாள். அக்கா பதில் சொல்வதற்குள் தேன் கடையிலிருந்து குரல் வந்தது.

“தேனீ கொட்டிருச்சு பாப்பா. வாய் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுன்னா கொட்டும்.”

அன்றைக்குப் பூச்சிக்கு வசனம் மறந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கதவு இடித்தது, படி வழுக்கியது, கண்ணில் பூச்சி விழுந்தது என்று அக்கா சொன்ன கதையையெல்லாம் நம்பியதுபோல நடித்தே காலத்தை ஓட்டியவன் அவன். அவளும் அவன் நம்பியதுபோல நடித்தாள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

கூட்டம் கலைந்ததும் அவளைக் குழாயடியில் பிடித்தான். அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலைக்கூடத்துக்கும் தேன்பெட்டிகளுக்கும் நடுவில் பாதையில் ஒரு சிவப்புக் கோடு, கோட்டோரம் ஒரு குழாய், சோப்பு. பூச்சி நாள் முழுக்க அழுகின வாழைப்பழத்தைச் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்துப் பிசைகிறவன். தேனீ கொட்டும்போது அந்த இடத்தில் ஒரு வாசனையை விட்டுவிட்டுப் போகும்; ‘இங்கேதான், எல்லாரும் வாங்க’ என்று மற்றவர்களுக்குச் சொல்லும் வாசனை. அது ஏறக்குறைய பழுத்த வாழைப்பழ வாசனை. அதனால் பூச்சி முழங்கை வரைக்கும் சோப்புப் போடாமல் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அக்காவுக்கு நாய் மூக்கு. பெட்டியைத் திறக்காமலே உள்ளே கோபமா, பசியா, ராணி இருக்கிறாளா செத்தாளா என்று முகர்ந்து சொல்லிவிடுவாள். அவன் நகத்திடுக்கில் துளிப் பழம் இருந்தாலும் பத்தடி தூரத்திலேயே திருப்பி அனுப்புவாள்.

“என் ரூமுக்கு வந்துரு,” என்றான்.

“அங்க மட்டும் வரமாட்டாரா? உன் கதவு ஒரு உதைக்குத் தாங்குமா?” பஞ்சுக்கு நடுவிலிருந்து குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “விடுடா. ஒரு வாசனையும் தெரியல. சோறு மண்ணு மாதிரி இருக்கு. அது ஒண்ணுதான் கஷ்டம்.”

அது ஒன்றுதான் கஷ்டம் என்று அவள் சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. நேரே தேன் கடைக்குப் பின்னால் அத்தான் இருந்த தேன் அறைக்குப் போனான்.

“அத்தான், இனிமே அக்கா மேல கை வெச்சீங்கன்னா...”

“வெச்சேன்னா?”

வாக்கியத்தின் பிற்பாதியை அவன் தயார் செய்துகொண்டு வரவில்லை. அத்தான் சிகரெட்டை நிதானமாக அணைத்தார். எழுந்து வந்து பிடரியைப் பிடித்தார். தேன்பெட்டிகளைத் தனியாளாகத் தூக்கி அடுக்குகிற கை அது. பூச்சியைத் தரதரவென்று பாதை நெடுக இழுத்துக்கொண்டு போய், வலைக்கூடத்தை ஒட்டிய கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். முதல் அடி காதில். இரண்டாவது வயிற்றில். மடங்கியவனை முழங்காலால் மறுபடி நிமிர்த்தினார். ஒரு பல் ஆடியது. பூச்சியும் கையை வீசத்தான் செய்தான், அது அவர் தோளில் பட்டது, அவர் அதைத் துடைத்துக்கொண்டார். பிறகு முடியைப் பிடித்துப் பழக்கூழ் டிரம்முக்குள் அவன் முகத்தை அமுக்கினார்.

“குடி! உன் நவாப் குடிக்கிறதுதானே? குடிச்சிட்டு வந்து சண்டை போடு!”

மூக்கிலும் வாயிலும் புளித்த கூழ் ஏறியது. மூச்சு முட்டியது. தூக்கினார், ஒரு வாய் காற்று இழுக்க விட்டார், மறுபடி அமுக்கினார்.

“கொட்டத் தெரியாத நாய்க்கு வாய் எதுக்குடா?”

அவனைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனார். பூச்சி தரையில் கிடந்தபடியே, திறந்த கதவு வழியாக அவரைப் பார்த்தான். அவர் நேரே குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து முழங்கைக்கு மேலே, தோள்வரை தேய்த்தார். கையை முகர்ந்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் துளி வாழைப்பழத்துக்குப் பயந்து தேய்தேய் என்று தேய்ப்பதைப் பார்த்தபோதுதான் பூச்சிக்கு அந்த எண்ணம் வந்தது.

மறுநாள் காலை தேன் எடுக்கும் நாள். அத்தான்தான் பெட்டிகளைத் திறப்பார், அது அவர் யாருக்கும் விடாத வேலை. தோட்டம் திறக்குமுன் பூச்சி வந்தான். கூழைத் துணியில் வடிகட்டிச் சாறு மட்டும் எடுத்தான். உடுப்பு மாற்றும் அறையில் ஆணியில் அத்தானின் வெள்ளை உடுப்பு தொங்கியது, தலைமுதல் கால்வரை ஒரே துண்டு, தலைக்கு வலை. பக்கத்து ஆணியில் இருக்க வேண்டிய அக்காவின் உடுப்பைக் காணோம். துவைக்க எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்தான். இவ்வளவுதான் அவன் அதைப் பற்றி நினைத்தது.

கழுத்துப் பட்டை, அக்குள், முதுகு, கால் முட்டிக்குப் பின்னால் என்று துணி உடம்போடு ஒட்டுகிற இடமாகப் பார்த்துச் சாற்றைத் தேய்த்தான். நனைந்த துணி தோலோடு ஒட்டினால் கொடுக்கு தாராளமாக உள்ளே இறங்கும். வாசனை அத்தானுக்குத் தெரியுமே என்ற பயம் அவனுக்கு இல்லை. அத்தான் எப்போதும் தேனீக்களை அடக்குகிற புகைக் குடுவையை முதலில் மூட்டிவிட்டு, வாயில் சிகரெட்டோடுதான் உடுப்பை மாட்டுவார். அந்தப் புகையில் பிணம் நாறினாலும் தெரியாது.  முடித்துவிட்டு வலைக்கூடத்துக்குள் போய், ராத்திரி கூட்டை உடைத்து வெளிவந்திருந்த நவாப்புகளுக்குத் தட்டுகளில் கூழ் ஊற்றத் தொடங்கினான். தட்டோரத்தில் இரண்டு ஆண்கள் ஏற்கெனவே சிறகால் அடித்துக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அத்தான் அலறுவார், அதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தான்.

அலறல் வந்தது. ஆனால் அது அத்தானின் குரல் இல்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரிச் சாராயம் அத்தானுக்குத் தலையிலிருந்து இறங்கவில்லை. “நீ போய்த் திற,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அவளுடைய முகவலையை அவள் மூக்கை உடைத்த அன்று அவர்தான் பிடித்திழுத்துக் கிழித்திருந்தார். உடுப்பு வீட்டில் தையல் ஊசியோடு கிடந்தது. “என்னோடதைப் போட்டுக்க,” என்றார். அவள் போட்டுக்கொண்டாள். கழுத்து ஈரமாக இருந்தது, பனி என்று நினைத்தாள். மற்ற எந்த நாளாக இருந்தாலும் ஆணியிலிருந்து எடுக்கும்போதே முகர்ந்து தூக்கி எறிந்திருப்பாள். மூக்கில் பஞ்சு இருந்தது.

பூச்சி வலை வழியாகப் பார்த்தான். வெள்ளை உடுப்பு ஓடிவந்துகொண்டிருந்தது. அதன் மேல் பழுப்பாக ஒரு போர்வை நெளிந்தது. கை நீளம் தொங்க, கால் தடுக்க, இடது காலை லேசாக உள்ளே திருப்பி ஓடும் அந்த ஓட்டத்தை அவன் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்தவன்.

“அய்யோ, அக்கா!”

அவள் விழுந்தாள். பெரிய உடுப்பின் கழுத்து இடைவெளியில் தேனீக்கள் சாரைசாரையாக உள்ளே போயின. அவள் முகத்தை அடித்துக்கொண்டாள், அடிக்க அடிக்க இன்னும் வந்தன. தேன் அறை ஜன்னலுக்குப் பின்னால் அத்தான் நின்றார். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார், கொண்டியும் போட்டார்.

பூச்சி யோசிக்கவில்லை. கையில் இருந்த கூழ் வாளியைத் தூக்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான். தலை, முகம், சட்டை எல்லாம் வாழைப்பழம். இரண்டு கதவையும் உதைத்துத் திறந்து, குழாயையும் கோட்டையும் தாண்டி ஓடினான். “இங்க வாங்கடி! இங்க!” என்று கத்தினான். தேனீயிடம் போய்க் கத்துகிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை.

வந்தன. முதல் கொட்டு கண்ணிமையில், நெருப்புக் குச்சி வைத்ததுபோல. அடுத்தது உதட்டில். காதுக்குள் ஒன்று புகுந்து கொட்டியது, மண்டைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். அதற்குப் பிறகு எது எங்கே என்று தெரியவில்லை, உடம்பே ஒரு புண்ணாக எரிந்தது. அக்காவின் உடுப்பின் ஜிப்பைக் கிழித்து, அவளை அதிலிருந்து உருவி எடுத்து, உடுப்பைத் தூர எறிந்தான். பாதிக் கூட்டம் உடுப்பைத் துரத்திக்கொண்டு போனது. மீதியைத் தன் மேல் சுமந்துகொண்டு அவளைத் தோள் இடுக்கில் பிடித்து இழுத்தான். நகக்கண்ணில், கழுத்தில், நாக்கில்கூடக் கொட்டின. வாய்க்குள் போன ஒன்றைக் கடித்துத் துப்பினான்.

வலைக்கூடத்தின் முதல் கதவு. மூடினான். இரண்டாவது கதவு. அவளை உள்ளே தள்ளி, செடிகளுக்கான தண்ணீர்த் தூவானைத் திறந்துவிட்டு, அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்தான். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. மற்றதன் கீற்று வழியாக, கூடவே உள்ளே வந்துவிட்ட ஒரு தேனீயை உச்சிக் கொம்பிலிருந்து ஒரு நவாப் துரத்துவது தெரிந்தது. தேனீ போனதும் அது இறங்கி வந்து அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. இன்னொன்று நெற்றியில். தும்பிக்கையை நீட்டி, வீங்கிக்கொண்டிருந்த முகத்திலிருந்து பழக்கூழை உறிஞ்சத் தொடங்கின. அவன் சாகிறானா இருக்கிறானா என்பது பற்றி அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. ராத்திரி பகலாகச் சோறு போட்டவன் மேல் உட்கார்ந்து குடிக்கிறதைப் பார், நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று நினைத்தான். பிறகு ஒன்றும் நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த கட்டில். நர்ஸ் சின்ன இடுக்கியால் அவன் முதுகிலிருந்து கொடுக்குகளை எடுத்து எடுத்து ஒரு தட்டில் போட்டாள். ஒவ்வொன்றின் நுனியிலும் துளிக் குடல். சிறுநீரகம் கெட்டுவிடாமல் பார்க்க வேண்டும், நூலிழையில் தப்பினீர்கள் என்றார் டாக்டர். அக்காவின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கண்ணைத் திறக்க முடிந்த முதல் நாள் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏன்டா அப்படி மொத்தமாக் கெளம்புச்சு? நான் பெட்டிக்குள்ள எந்தத் தேன்சட்டத்தையும் இடிக்கல. எவளையும் நசுக்கல.”

“தெரியல,” என்றான் பூச்சி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கொட்டின இடமெல்லாம் ஆறத் தொடங்கியிருந்தது, இது ஒன்றுதான் ஆறவில்லை.

அன்று மாலை அத்தான் வந்தார். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த மேசையில் வைத்தார். நல்லாப் பழுத்த, புள்ளி விழுந்த பழம்.



அத்தான் பூச்சியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தைப் பிய்த்து, பொறுமையாகத் தோலை உரித்தார். அவன் வாயருகே நீட்டினார். “சாப்பிடு மச்சான். உனக்குப் பிடிச்ச பழமாச்சே.”

அவன் வாயைத் திறக்கவில்லை. பழத்தை உதட்டில் வைத்து அழுத்தினார், வீங்கின உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

“உடுப்பு என்கிட்டத்தான் இருக்கு,” என்றார் தணிந்த குரலில், அக்கா பக்கம் திரும்பி. “பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சிருக்கேன். கழுத்து, அக்குள், முதுகு. பார்த்துப் பார்த்துத் தேச்சிருக்கான் பாரு உன் தம்பி. இன்னும் கமகமன்னு இருக்கு.”

அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். “நீயா?”

பூச்சி ஆமென்று தலையை ஆட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“விஷயம் சிம்பிள்,” என்றார் அத்தான் அவளிடம். “நாளைக்கு நீ வீட்டுக்கு வர்றே. பழையபடி இருக்கே. வாயைத் திறக்கிறதில்ல. இல்லேன்னா, அதோ, போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்துட்டார், பையை அவர் கையில குடுத்துருவேன். கொலை முயற்சி. உன் பட்டாம்பூச்சி உள்ளேயே ரெக்கை காஞ்சு கெடக்கும்.”

வார்டின் மறுகோடியில் போலீஸ்காரர் ஒருவர் நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடினாள்.

“வர்றேங்க,” என்றாள். “இப்பவே வர்றேன். அவனை விட்டுருங்க.”

ஒரு செருப்பு கிடைத்துவிட்டது, மற்றது கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அவளைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தான், கடைசியில் அவளுக்குக் கட்டப்போகும் கயிறும் அவன் திரித்ததாகவே ஆகிவிட்டது. பூச்சி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையணையில் கையூன்றி எழுந்தான்.

“சார்! போலீஸ்கார் சார்!”

உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது. இன்னொரு தடவை, தொண்டை கிழியக் கத்தினான். வார்டு முழுக்கத் திரும்பியது.

“உடுப்புல பழத்தைத் தேச்சது நான்தான் சார்! இந்த ஆளைக் கொல்லத்தான் தேச்சேன். என் அக்கா போட்டுக்கிட்டுப் போவான்னு தெரியாது. எழுதிக்குங்க. அவ மூக்கு எப்படி உடைஞ்சதுன்னும் கேட்டு எழுதிக்குங்க!”

அத்தானின் கையில் உரித்த பழம் இருந்தது. அவர் பிடித்திருந்த ஒரே பிடியை, பிடிக்கப்பட்டவனே அறுத்துப் போட்டுவிட்டான் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பழத்தைப் போட்டுவிட்டு அவன் கன்னத்தில் முஷ்டியால் குத்தினார். அவன் கையில் குத்தியிருந்த சலைன் ஊசி பிய்ந்து ரத்தம் தெறித்தது. “பூச்சிப் பயலே! கொட்ட வந்துட்டியா நீ!” மறுபடி குத்தினார். ஆடிக்கொண்டிருந்த பல் வாய்க்குள்ளே விழுந்தது. நர்ஸ் கத்தினாள், போலீஸ்காரர் கட்டில்களுக்கு நடுவே ஓடி வந்தார். மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கியது.

சலைன் பாட்டில் தொங்கும் கம்பியை அக்கா எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பெட்டி தூக்குகிற தோள் பலம் மொத்தத்தையும் சேர்த்து, பக்கவாட்டில் வீசினாள். மூக்கின் மேல் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான்; போன வாரம் தன் முகத்துக்குள்ளிருந்து கேட்டது.

அத்தான் சரிந்து தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மூக்கைப் பொத்தினார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்து இஸ்திரிச் சட்டையில் சொட்டியது. போலீஸ்காரர் அக்காவின் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். அவள் எதிர்க்கவில்லை, கொடுத்துவிட்டாள். மேசையிலிருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். ஒற்றைச் செருப்போடு குனிந்து, அதை அவர் முகத்தருகே நீட்டினாள்.

“மோந்து பாருடா,” என்றாள். “வாசனை வருதா?”